ரெகுலேட்டருக்குக் கால் மூணு இல்லீங்க, நாலு!

எங்கள் கிளாஸில் யாரை வேண்டுமானாலும் தூக்கத்தில் எழுப்பிக் கேளுங்கள், 7805-க்கு எத்தனை கால் என்று. "மூணு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள். இன்புட், கிரவுண்ட், அவுட்புட். அவ்வளவுதானே?

அவ்வளவு இல்லை நண்பர்களே. நாலாவது ஒன்று இருக்கிறது. அதை யாரும் எண்ணுவதில்லை. ஐசிக்குப் பின்னால் ஓட்டை போட்ட ஒரு உலோகத் தகடு இருக்கிறதே, அதுதான். டேட்டாஷீட்டில் அதற்கு டேப் என்று பெயர். செல்லோ டேப், டேப் ரெக்கார்டர் எல்லாம் வந்து குழப்பும் என்பதால் இங்கே தகடு என்றே சொல்கிறேன்.

"அது ஹீட் சிங்க் மாட்டுறதுக்குத்தானே, அதுக்கும் சர்க்யூட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். இந்தக் கேள்வியால்தான் நம் பக்கத்துப் பசங்களின் புராஜெக்டில் பாதி டெமோவுக்கு முதல் நாள் உயிரை விடுகிறது என்பது என் கருத்து. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள் :)

முதலில் அந்தத் தகடு அங்கே எப்படி வந்தது என்று பார்ப்போம். கறுப்புப் பிளாஸ்டிக்குக்குள் இருப்பது சின்ன சிலிக்கான் சில்லு. சூடாவது அதுதான். அந்தச் சூட்டை வெளியே கொண்டுவர வேண்டும். பிளாஸ்டிக் வழியாகச் சூடு அவ்வளவு சுலபமாகப் போகாது. அதனால் சில்லை நேராக ஒரு உலோகத் தகட்டின் மேலேயே ஒட்டிவிடுகிறார்கள். தகட்டின் மறுபக்கம் வெளியே தெரியும். சூடு சில்லிலிருந்து தகட்டுக்கு, தகட்டிலிருந்து ஹீட் சிங்குக்கு, அங்கிருந்து காற்றுக்குப் போகும்.

ஆனால் சூடு போகும் அந்த வழியிலேயே மின்சாரமும் போகும். சில்லின் அடிப்பக்கம் எந்த வோல்டேஜில் இருக்கிறதோ, தகடும் அதே வோல்டேஜில்தான் இருக்கும். டிஓ-220 வடிவத்தில் வரும் ரெகுலேட்டர்களில் தகடும் நடுக்காலும் பெரும்பாலும் ஒரே உலோகத் துண்டுதான். மல்டிமீட்டரை கன்டின்யூட்டியில் போட்டுத் தகட்டிலும் நடுக்காலிலும் வைத்துப் பாருங்கள், பீப் அடிக்கும்.

சரி, நடுக்கால் என்ன? வில்லங்கம் இங்கேதான். எல்லா ரெகுலேட்டருக்கும் நடுக்கால் கிரவுண்ட் கிடையாது.

7805, 7812 போன்ற பிளஸ் ரெகுலேட்டர்களில் நடுக்கால் கிரவுண்ட். தகடும் கிரவுண்ட்.
7905, 7912 போன்ற மைனஸ் ரெகுலேட்டர்களில் நடுக்கால் இன்புட். தகடும் இன்புட்.
எல்எம்317-ல் நடுக்கால் அவுட்புட். தகடும் அவுட்புட்.
அதன் மைனஸ் ஜோடி எல்எம்337-ல் தகடு இன்புட்.
1117 குடும்பத்தில் தகடு அவுட்புட்.

பார்ப்பதற்கு எல்லாம் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரிதான் இருக்கும். மேலே அச்சடித்த நம்பரைத் தவிர வித்தியாசமே தெரியாது.

ஏன் இப்படி மாற்றி மாற்றி வைத்தார்கள்? வேண்டுமென்றே குழப்பவில்லை. இந்த வகை ஐசிகளில் சில்லின் அடித்தளம் பி-டைப் சிலிக்கான். அது சர்க்யூட்டிலேயே மிகத் தாழ்ந்த வோல்டேஜில் இருந்தால்தான் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்கள் ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனியாக இருக்கும். 7805-ல் மிகத் தாழ்ந்தது கிரவுண்ட். 7905-ல் கிரவுண்டைவிடத் தாழ்ந்தது மைனஸ் இன்புட். அதனால் தகடு அங்கே போய்விட்டது. 317-க்கோ கிரவுண்ட் கால் என்று ஒன்றே கிடையாது. (1976-ல் நேஷனல் செமிகண்டக்டரில் ராபர்ட் டாப்கின் உருவாக்கிய வடிவமைப்பு அது. இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.)

இதெல்லாம் டேட்டாஷீட்டில் படம் போட்டே இருக்கும். அப்புறம் ஏன் நமக்குத் தெரிவதில்லை?

என் கணிப்பில் காரணம் பிரெட் போர்டு. அண்ணா பல்கலை 2013 ரெகுலேஷனில் லீனியர் ஐசி லேபில் எல்எம்317, எல்எம்723 வைத்து டிசி பவர் சப்ளை செய்யும் பரிசோதனை உண்டு. பிரெட் போர்டில் ஐசியைக் குத்துகிறோம். தகடு அந்தரத்தில் நிற்கிறது, எதையும் தொடவில்லை. சின்ன லோடு, ரெண்டு நிமிஷம் ரீடிங், டேபிளை நிரப்பி கிராஃப் போட்டால் கையெழுத்து வந்துவிடும். அந்த ரெண்டு நிமிஷத்தில் தகட்டுக்கு வேலையே இல்லை. அதனால் ரெக்கார்டு நோட்டில் நாம் வரையும் படத்திலும் மூன்று கோடுதான். நாலாவது கோடு ஒன்று உண்டு என்பதே நமக்குத் தெரியாமல் செமஸ்டர் முடிந்துவிடுகிறது.

கஷ்டம் எப்போது ஆரம்பிக்கிறது? அதே சர்க்யூட்டை போர்டில் சால்டர் செய்து ஒரு பெட்டிக்குள் வைக்கும்போது.

ஒரு உதாரணம். ஆப்-ஆம்ப் வேலைக்கு பிளஸ் 12, மைனஸ் 12 வேண்டும். 7812 ஒன்று, 7912 ஒன்று. 15-0-15 டிரான்ஸ்பார்மர், பிரிட்ஜ், ரெண்டு கெபாசிட்டர். சர்க்யூட் சரி, சால்டரிங் சரி. ரெண்டு ஐசியும் சூடாகும் என்று யாரோ சொல்ல, நம்ம ஆள் செலவை மிச்சம் பிடித்து ஒரே அலுமினிய ஹீட் சிங்கில் ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஸ்குரூ போட்டு முடுக்கிவிடுகிறார். பார்க்க ரொம்ப நீட்டாக இருக்கும். போன வருஷம் ஒரு டீம் இப்படித்தான் செய்தது. ஸ்விட்ச் போட்டதும் டிரான்ஸ்பார்மர் ஒரு உறுமல் உறுமியது, அடுத்து வாசனை வந்தது. கணபதி ஹோமம் முடிந்தது.

என்ன நடந்தது? 7812-ன் தகடு கிரவுண்ட். 7912-ன் தகடு, பிரிட்ஜிலிருந்து வரும் கச்சா மைனஸ், சுமார் 20 வோல்ட். நடுவில் இருக்கும் ஹீட் சிங்க் ஒரு தடித்த ஒயர் மாதிரி ரெண்டையும் சேர்த்துவிட்டது. படத்தில் இல்லாத ஒரு ஒயர்! படத்தை எத்தனை தடவை சரிபார்த்தாலும் அது கண்ணில் படாது.

இந்த இடத்தில் ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லிவிடுகிறேன். "இந்த ஐசிக்குள்ள ஷார்ட் சர்க்யூட் புரொடெக்ஷன் இருக்கு மச்சி, ஒண்ணும் ஆகாது" என்பார்கள். இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது ஐசி வழியாகப் போகும் கரண்டைத்தான் கட்டுப்படுத்தும். 7912-ல் கரண்ட் சில்லுக்குள் ரெகுலேட் ஆகிப் போகவே இல்லை. இன்புட் காலில் நுழைந்து தகடு வழியாக அப்படியே வெளியேறிவிட்டது. வீட்டு வாசலில் வாட்ச்மேன் இருக்கிறார், திருடன் வாசலுக்கே வராமல் தெருவோடு போய்விட்டால் அவர் என்ன செய்வார்? பியூஸ் போட்டிருந்தால் பியூஸ் போகும். போடாவிட்டால் டயோடோ டிரான்ஸ்பார்மரோ போகும்.

317 மாதிரி தகடு அவுட்புட்டாக இருப்பவை கிரவுண்டோடு சேர்ந்தால் கதை வேறு. அங்கே புரொடெக்ஷன் வேலை செய்யும். புகை வராது. அது இன்னும் மோசம் என்பேன், ஏனென்றால் தப்பு எங்கே என்றே தெரியாது.

நம்ம தர்மபுரி மாவட்டத்துக்கு வருவோம். இங்கே ஃபைனல் இயர் புராஜெக்ட் என்றால் அடிக்கடி கண்ணில் படுவது ஒன்று: செல்போனில் மோட்டாரை ஆன் ஆஃப் செய்யும் ஸ்டார்ட்டர். பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கமெல்லாம் போர்வெல்லை நம்பி விவசாயம். ராத்திரி கரண்ட் வந்தால் டார்ச்சை எடுத்துக்கொண்டு பாம்புக்கும் பூச்சிக்கும் நடுவே காட்டுக்குப் போக வேண்டும். அப்பாவோ மாமாவோ அப்படிப் போவதைப் பார்த்து வளர்ந்த பையன் இந்த புராஜெக்டை எடுத்தால் அதில் வெறும் மார்க் ஆசை மட்டும் இருக்காது.

இதில் சிம்800 போன்ற ஜிஎஸ்எம் மாட்யூலுக்கு 3.4 முதல் 4.4 வோல்ட்டுக்குள் சப்ளை வேண்டும். சிக்னல் தேடும்போது 2 ஆம்பியர் வரை குபீரென்று இழுக்கும். அதனால் 317-க்கு அண்ணனான எல்எம்350 (3 ஆம்பியர் தாங்கும்) ஒன்றை 4 வோல்ட்டுக்கு வைத்து, மைக்ரோகன்ட்ரோலருக்கும் ரிலேவுக்கும் ஒரு 7805 வைப்பார்கள். பெட்டி இரும்புப் பெட்டி. "இவ்ளோ பெரிய இரும்பு இருக்கே, இதைவிட நல்ல ஹீட் சிங்க் எது?" என்று ரெண்டையும் பெட்டிச் சுவரில் முடுக்கினால் முடிந்தது. 350-ன் தகடு 4 வோல்ட் அவுட்புட். 7805-ன் தகடு கிரவுண்ட். பெட்டி ரெண்டையும் சேர்த்து வைத்துவிட்டது.

மாட்யூலில் லைட் எரியாது. சிம்மை மாற்றுவார்கள், ஆன்டெனாவை மாற்றுவார்கள், கோடை மாற்றுவார்கள். கடைசியில் "மாட்யூலே டூப்ளிகேட்" என்று முடிவு கட்டி, சேலத்துக்கோ பெங்களூர் எஸ்.பி. ரோடுக்கோ பஸ் ஏறுவார்கள். சேலம் என்றால் 65 கிலோமீட்டர் சொச்சம், பெங்களூர் என்றால் 130. ஒரு நாள் போச்சு, மாட்யூல் காசு போச்சு. புது மாட்யூலும் எரியாது!

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப வம்பே வேணாம், தகட்டை எதோடயும் சேர்க்காம விட்டுடலாம்" என்று நினைக்கிறீர்களா? அதற்கும் நம்ம ஊர் வெயில் விடாது. சின்னக் கணக்கு ஒன்று போடுவோம்.

12 வோல்ட் டிரான்ஸ்பார்மர், பிரிட்ஜ், கெபாசிட்டர் தாண்டி வரும்போது சுமார் 15.5 வோல்ட் ஆகிவிடும். 7805 அதை 5 ஆக்க வேண்டும். மிச்சம் 10.5 வோல்ட். ரிலேவும் சேர்த்து 200 மில்லி ஆம்பியர் என்று வையுங்கள். 10.5 பெருக்கல் 0.2, அதாவது 2.1 வாட். அத்தனையும் சூடு. ஹீட் சிங்க் இல்லாத டிஓ-220-க்கு ஒரு வாட்டுக்கு 65 டிகிரி ஏறும் என்கிறது ஃபேர்சைல்டு டேட்டாஷீட். 2.1 வாட்டுக்கு 136 டிகிரி. ஏப்ரல் மாதம் தகரக் கூரை மோட்டார் ரூமில், மூடிய பெட்டிக்குள் 50 டிகிரி என்று வைத்தாலும் கூட்டுத்தொகை 186. சில்லு தாங்கும் எல்லை 125. அந்த 186-ஐத் தொடும் முன்பே ஐசி சூடு தாங்காமல் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். ரிலே விடும், மோட்டார் நிற்கும். ஐசி ஆறியதும் மறுபடி உயிர் வரும், ரிலே அடிக்கும். போர்வெல் மோட்டாரை இப்படி நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் என்ன ஆகும் என்று விவசாயிகளைக் கேளுங்கள். மோட்டாரைக் குழியிலிருந்து தூக்கி ரீவைண்டிங்குக்குக் கொண்டுபோகும் செலவு நம் புராஜெக்ட் செலவைவிடப் பல மடங்கு.

இதே 7805-க்கு ஒரு வாட்டுக்கு 15 டிகிரி ஏறும் ரகத்தில் சின்ன ஹீட் சிங்க் போட்டால்? சில்லிலிருந்து தகட்டுக்கு 5, இடையில் பேஸ்டுக்கு 1, ஹீட் சிங்குக்கு 15. மொத்தம் 21. அதை 2.1-ஆல் பெருக்கினால் 44. வெளிச்சூடு 50-ஐச் சேர்த்தால் 94. பிழைத்தது. லேபில் ஃபேனுக்கு அடியில் ஓடியது காட்டில் ஏன் ஓடவில்லை என்பதற்குப் பதில் இந்தக் கணக்கில் இருக்கிறது.

"இப்ப யாருப்பா 7805 போடுறா, எல்லாம் மாட்யூல்தான்" என்று ஒரு கோஷ்டி இருக்கிறது. அவர்களுக்கும் தகடு உண்டு. கையில் இருக்கும் ஆர்டுயினோ யூனோவில் டிசி ஜாக்குக்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு 1117 ரெகுலேட்டர் இருக்கும். நோட்எம்சியுவில் ஏஎம்எஸ்1117 இருக்கும். எஸ்ஓடி-223 வடிவம். அதன் அகலமான தகடு அவுட்புட். சொந்தமாக போர்டு டிசைன் செய்யும்போது நம் ஆட்கள் 7805 நினைப்பிலேயே அந்தத் தகட்டைக் கிரவுண்ட் காப்பரில் போட்டுவிடுகிறார்கள். அல்லது தகட்டுக்கு அடியில் ஓட்டை போட்டு போர்டின் கீழ்ப்பக்கக் கிரவுண்டோடு இணைக்கிறார்கள். 3.3 வோல்ட்டும் கிரவுண்டும் கைகோத்துவிடும். போர்டு அச்சாகி வந்தபின் காப்பரைக் கத்தியால் சுரண்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

பயந்துகொண்டு தகட்டுக்குச் சின்னப் புள்ளி அளவு காப்பர் மட்டும் விட்டாலும் தப்பு. எல்எம்1117 டேட்டாஷீட்டில் அழகாக ஒரு அட்டவணை போட்டிருக்கிறார்கள். காப்பர் கிட்டத்தட்ட இல்லாதபோது ஒரு வாட்டுக்கு 136 டிகிரி. ஒரு சதுர அங்குலம் காப்பர் விட்டால் 66 டிகிரி. பாதிக்கும் கீழே! அதுவும் காசே செலவில்லாமல். காப்பரை அரித்து எடுக்காமல் விட்டால் போதும். அந்தக் காப்பர் அவுட்புட் காப்பராக இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

அடுத்து சீனியர்களின் மந்திரம்: "எதுவா இருந்தாலும் மைக்கா போட்டு மாட்டுடா." தப்பில்லை. ஒரே ஹீட் சிங்கில் வேறு வேறு வோல்டேஜ் தகடுகள் வந்தால் மைக்காவோ சிலிக்கான் ஷீட்டோ கட்டாயம் வேண்டும். ஆனால் மைக்கா போட்டவர்களில் பலர் ஸ்குரூவுக்குப் பிளாஸ்டிக் புஷ் போடுவதில்லை. மைக்கா தடுத்ததை இரும்பு ஸ்குரூ சேர்த்து வைத்துவிடும்! மைக்காவின் ரெண்டு பக்கமும் பேஸ்ட் தடவாவிட்டால் சூடும் சரியாகப் போகாது. அதோடு, 7805 ஒன்று மட்டும் இருந்து ஹீட் சிங்கும் கிரவுண்ட் என்றால் மைக்காவே தேவையில்லை, நேராக மாட்டினால்தான் நன்றாகக் குளிரும். எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்று தெரிந்து போட வேண்டும். தெரியாமல் போட்டால் மைக்காவும் தாயத்து மாதிரிதான்.

ஆகவே நான் சொல்ல வருவது இதுதான். தகட்டை ஸ்குரூ மாட்டும் இடமாகப் பார்ப்பதை நிறுத்துவோம். அது சர்க்யூட்டின் ஒரு முனை. முனை என்றால் படத்தில் இருக்க வேண்டும்.

ரெக்கார்டு நோட்டில் ரெகுலேட்டர் வரையும்போது மேலே ஒரு நாலாவது கோடு போடுங்கள். எந்தக் காலோடு சேர்ந்தது என்று எழுதுங்கள். ஒரு நிமிஷ வேலை. கீகேட் போன்ற சாஃப்ட்வேரில் வரைபவர்களுக்கு இன்னும் சுலபம். அதில் எஸ்ஓடி-223 ஃபுட்பிரிண்டின் பெயரிலேயே தகடு ரெண்டாவது காலோடு சேர்ந்தது என்று இருக்கும். பெயரை முழுசாகப் படித்தால் போதும்.

சப்ளை கொடுப்பதற்கு முன் மல்டிமீட்டரை கன்டின்யூட்டியில் வைத்து ஒவ்வொரு தகட்டுக்கும் ஹீட் சிங்குக்கும், ஹீட் சிங்குக்கும் கிரவுண்டுக்கும் தொட்டுப் பாருங்கள். பீப் வர வேண்டிய இடத்தில் வரட்டும், வரக்கூடாத இடத்தில் வந்தால் ஸ்விட்சில் கை வைக்காதீர்கள்.

இதைக் கற்றுக்கொடுப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வைவாவில் "7805-ன் அவுட்புட் எத்தனை வோல்ட்?" என்று கேட்கிறீர்கள் சார். பெயரிலேயே 5 இருக்கிறது, யாரும் சொல்லிவிடுவார்கள். அதற்குப் பதிலாக, ஒரு 7812, ஒரு 7912, ஒரு ஹீட் சிங்க் ஆகிய மூன்றையும் மேஜைமேல் வைத்து, "எப்படி மாட்டுவாய்?" என்று கேட்டுப் பாருங்கள். ரெடிமேட் புராஜெக்ட் வாங்கி வந்தவர் யார், தானே செய்தவர் யார் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

சிலருக்கு இது சில்லறை விஷயமாகத் தோன்றலாம். பத்து இருபது ரூபாய் ஐசிக்கு இவ்வளவு பெரிய பதிவா என்று. ஐசி பத்து ரூபாய்தான். அதை நம்பி நிற்கும் மோட்டார் பத்து ரூபாய் இல்லை. "நம்ம பையன் செஞ்சது" என்று பெருமையாகக் காட்டில் மாட்டியவர், நாலாம் நாள் அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மறுபடி டார்ச்சை எடுத்துக்கொண்டு இருட்டில் நடந்தால், நாம் நாலு வருஷம் படித்ததற்கு என்ன மரியாதை சொல்லுங்கள்?

பி.கு: ரெகுலேட்டரோடு முடியவில்லை. டிஓ-220 பவர் மாஸ்ஃபெட்டில் தகடு பெரும்பாலும் டிரெயின், பவர் டிரான்சிஸ்டரில் கலெக்டர். தகடு முழுக்கப் பிளாஸ்டிக்கால் மூடிய ரகங்களும் வருகின்றன, அவற்றுக்கு மைக்கா கவலை இல்லை. எதுவானாலும் கடைக்காரர் சொன்னதை நம்பாமல் டேட்டாஷீட்டை ஒரு தடவை திறந்து பாருங்கள். டேட்டாஷீட் இலவசம்தானே :)